ரூபாய் என்னும் பெயரும் அதன் பொருளும்

(பொருளியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ரிசர்வ் வங்கி வெளியிடும் நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் சிறு கட்டம் ஒன்று உண்டு. அக்கட்டத்துள் 15 மொழிகளில் அத்தாளின் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. வேறிடங்களில் காணப்படும் இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் ஒரே தாளில் 17 மொழிகள் இடம் பெறுகின்றன. அன்றாடம் கையாளும் தாளாயினும் அந்தக் கட்டத்தை நின்று படிப்பவர் சிலரே. படிப்பவர் ஒரு வியப்பைக் காண்பர். தமிழில் ‘ரூபாய்’, தெலுங்கில் ‘ரூபாயலு’, கன்னடத்தில் ‘ரூபாயிகளு’, மலையாளத்தில் ‘ரூபா’, சமஸ்கிருதத்தில் ‘ரூப்யகாணி’ என்று ஒரே சொல் பல வடிவங்களில் தொடர்கிறது. ஆனால் அசாமியமும் வங்காளமும் ‘டக்கா’ என்றும், ஒடியா ‘டங்கா’ என்றும் குறிக்கின்றன. மதிப்பு ஒன்று, பொறுப்பேற்கும் வங்கி ஒன்று, பெயர்கள் மட்டும் இரண்டு.

இவ்விரு பெயர்களும் எங்கிருந்து வந்தன? அவற்றின் பொருள் என்ன? அப்பொருளுக்கும் இன்றைய செலாவணிக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல இவை. பணத்தின் மதிப்பு எதில் நிலைபெறுகிறது என்ற பொருளியல் வினாவிற்கு இப்பெயரின் வரலாறே ஒரு விடை தருகிறது.

வெள்ளியா, முத்திரையா?

ரூபாய் என்றால் வெள்ளி என்பது பொதுவாக நிலவும் கருத்து. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சமஸ்கிருதத்தில் ‘ரூப்யம்’ என்ற சொல்லுக்கு வெள்ளி என்ற பொருள் உண்டு. இந்தியில் ‘ரூபா’ என்றும் வங்காளத்தில் ‘ரூப்போ’ என்றும் வெள்ளியை இன்றும் வழங்குகின்றனர். ரூபாய் நாணயமும் நெடுங்காலம் வெள்ளியாலேயே செய்யப்பட்டது. எனவே உலோகத்தின் பெயரே நாணயத்திற்கு ஆகி வந்தது என்று கொள்வது எளிது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழர் அந்நாட்டுப் பணத்தை ‘வெள்ளி’ என்றே அழைத்து வந்ததை இதற்கு ஒப்பாகக் காட்டலாம்.

ஆயினும் சொல்லின் வேரை நோக்கினால் வேறொரு பொருள் புலப்படுகிறது. ‘ரூபம்’ என்றால் வடிவம், உருவம் என்பது தமிழருக்கும் தெரிந்ததே. ‘ரூபம்’ என்ற சொல்லோடு ஒரு விகுதி சேர்ந்து ‘ரூப்யம்’ ஆகும் முறையைப் பாணினி தம் இலக்கண நூலில் விதியாகவே கூறுகிறார். அவ்விதிப்படி ‘ரூப்யம்’ என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. அழகிய வடிவுடையது என்பது ஒன்று. அடித்து வடிவம் பொறிக்கப்பெற்றது என்பது மற்றொன்று. கிறிஸ்துவுக்கு முன் சில நூற்றாண்டுகள் வாழ்ந்த இலக்கண ஆசிரியர் ஒருவர் இதற்கெனத் தனி விதி வகுத்தார் என்றால், உலோகத்தில் உருவம் பொறிக்கும் வழக்கம் அக்காலத்தில் நன்கு வேரூன்றியிருந்தது என்பது தெளிவு.

அக்காலத்து நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. வெள்ளித் தகட்டை வெட்டி, 32 குன்றிமணி எடைக்குச் சரிசெய்து, அதன்மேல் சூரியன், குன்று, மரம், விலங்கு போன்ற குறிகளைத் தனித்தனி அச்சுகளால் அடித்திருக்கின்றனர். நாட்டின் பல பகுதிகளிலும் இவை புதையல்களாகக் கிடைத்துள்ளன. வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கவேண்டும் என்ற நியதி அவற்றிற்கு இல்லை. ஆனால் எடையும் குறிகளும் இருந்தன. அவ்விரண்டே அவற்றை நாணயமாக்கின.

அமரகோசம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. பொன்னாயினும் வெள்ளியாயினும் முத்திரை அடிக்கப்பெற்றால் அது ‘ரூப்யம்’ என்னும் பெயரைப் பெறும் என்பது அந்நிகண்டின் கருத்து. அதாவது பொன் நாணயமும் ரூப்யமே. வெள்ளி என்பது மட்டுமே இச்சொல்லின் பொருளாயின் இவ்வாறு கூற இயலாது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதற்குச் சான்று உண்டு. நாணயம் அடிக்கும் சாலையின் தலைவனை அந்நூல் ‘லக்ஷணாத்யக்ஷன்’ என்கிறது. குறிகளுக்குத் தலைவன் என்பது அதன் நேர்ப்பொருள். வெள்ளி நாணயத்தை ‘ரூப்ய ரூபம்’ என்றும் செப்பு நாணயத்தை ‘தாம்ர ரூபம்’ என்றும் அது பிரித்துக் கூறுகிறது. செம்பும் ‘ரூபம்’ ஆகலாம் என்பதால் இங்கு ‘ரூபம்’ என்பது நாணயத்தையே குறிக்கிறது என்பது வெளிப்படை. புழங்கும் நாணயங்களைச் சோதிப்பதற்கு ‘ரூபதர்சகன்’ என்ற அதிகாரியும் இருந்தான். கருவூலத்திற்கு வரும் பணத்தின்மீது 8 விழுக்காடு ‘ரூபிகம்’ என்ற பெயரில் வசூலிக்கப்பட்டது. நாணயத்தைச் செய்பவன், சோதிப்பவன், அதற்கான கட்டணம் ஆகிய மூன்றும் நிருவாக முறையில் அடங்கியிருந்தன.

ஆகவே ரூபாய் என்ற பெயரின் அடியில் இருப்பது உருவம், அதாவது முத்திரை. ரூப்யம் என்னும் சொல் வெள்ளியோடு ஒன்றிப் போனதற்கு, முத்திரை பெற்ற உலோகங்களுள் வெள்ளியே மிகுதியாகப் புழங்கியமை காரணம் எனலாம்.

டங்கமும் தங்கசாலையும்

மற்றப் பெயரான டங்காவின் வரலாறும் இதனைப் போன்றதே. ‘டங்கம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லுக்குக் கல் செதுக்கும் உளி என்றும், குறிப்பிட்ட எடையுள்ள நாணயம் என்றும் பொருள் உண்டு. நாணயம் அடிக்கும் இடம் ‘டங்கசாலை’ எனப்பட்டது. அதுவே இந்தியில் ‘டக்சால்’ ஆயிற்று. தமிழில் ‘தங்கசாலை’ ஆயிற்று. சென்னையின் தங்கசாலைத் தெருவில் நடப்போர், அது பொன்னோடு தொடர்புடைய பெயர் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அப்பெயரில் உள்ளது பொன் அன்று, டங்கமே. இங்கும் உலோகத்தின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தில்லி சுல்தான்களுள் இல்துத்மிஷ் (1211–1236) ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள வெள்ளி டங்காவை நிலைபெறச் செய்தார். அதன் பெயர் கிழக்கு மாநிலங்களின் வழக்கில் பணத்திற்கே பொதுப்பெயராகப் பதிந்தது. வங்காளதேசம் விடுதலை பெற்றபின் 1972இல் தன் செலாவணிக்கு ‘டக்கா’ என்று பெயரிட்டது. இந்திய நோட்டில் வங்காள மொழி வரியில் காணப்படும் சொல்லும், அண்டை நாட்டுச் செலாவணியின் பெயரும் ஒன்றாக இருப்பது இவ்வாறுதான்.

முத்திரை பொய்த்த கதை

பணத்தின் மதிப்பு முத்திரையில் இருக்கிறது என்றால், அரசர் எதன்மீது முத்திரை இட்டாலும் அது பணமாகிவிடுமா? இவ்வினாவிற்கு வரலாறு கடுமையான விடை ஒன்றைத் தந்திருக்கிறது.

முகம்மது பின் துக்ளக் 1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்பாலும் பித்தளையாலும் நாணயங்களை அடித்து, அவை வெள்ளி டங்காவின் மதிப்பில் செல்லும் என்று ஆணையிட்டார். கருத்தளவில் இதில் பிழை காண்பது எளிதன்று. இன்றைய நாணயங்கள் யாவும் அவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் அந்த நாணயத்தைப் போலவே வேறொருவர் அடிக்க இயலாதவாறு காக்கும் ஏற்பாடு இல்லாமற் போயிற்று. செம்பு எங்கும் கிடைத்தது. கம்மியர் எங்கும் இருந்தனர். வீடுதோறும் நாணயச்சாலை தோன்றிவிட்டது என்னும்படி நிலைமை சீர்கெட்டதை வரலாற்றாசிரியர் பரணி பதிவு செய்துள்ளார். மக்கள் வரியைச் செப்பு நாணயத்தில் செலுத்தினர், வெள்ளியைப் பதுக்கினர். வணிகர் அந்நாணயத்தை ஏற்க மறுத்தனர். முடிவில் அரசர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கருவூலத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் வழங்கவேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியை ஓர் அரசரின் பேதைமை என்று நகைத்துவிட்டுப் போவதால் பயனில்லை. முத்திரை என்பது ஒரு வாக்குறுதி. அளவின்றிப் பெருகாமலும் பிறர் போலியாகச் செய்யாமலும் காக்கப்பட்டால்தான் அவ்வாக்குறுதி நிற்கும். கௌடில்யர் கூறிய ரூபதர்சகனின் பணி எத்துணை இன்றியமையாதது என்பதையே இத்தோல்வி காட்டுகிறது.

ஷெர்ஷாவின் ரூபியா

துக்ளக்கிற்குப் பின் வந்த காலத்தில் வெள்ளி அருகியது. பதினைந்தாம் நூற்றாண்டின் தில்லி நாணயங்களில் பெரும்பாலானவை செம்பும் சிறிதளவு வெள்ளியும் கலந்தவை. அவற்றுள் எவ்வளவு வெள்ளி உண்டு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவராலும் கூற முடியாது. ஏழைக் குடியானவன் சந்தையில் ஏமாறுவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை.

பீகாரில் உள்ள சசாராமில் ஜாகீர் நிருவாகத்தை நடத்திப் பழகிய ஷெர்ஷா, 1540இல் ஹுமாயூனை வென்று ஆட்சியைக் கைப்பற்றினார். 1545இல் காலிஞ்சர் முற்றுகையின்போது உயிரிழந்தார். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அவர் செய்த சீர்திருத்தங்களுள் நாணயச் சீர்திருத்தம் ஒன்று. கலப்பு நாணயங்களை ஒழித்து, வெள்ளிக்குத் தனி நாணயமும் செம்புக்குத் தனி நாணயமும் ஏற்படுத்தினார். ஏறத்தாழ 178 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம் எடையுள்ள அந்த வெள்ளி நாணயமே ‘ரூபியா’ எனப்பட்டது. அரபு, பாரசீக எழுத்துகளோடு நாகரி எழுத்திலும் மன்னரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டது. நாணயத்தைக் கையில் வாங்குபவர் படிக்கும் எழுத்தில் அதன் பொறுப்பாளர் பெயர் இருக்கவேண்டும் என்ற நெறியை அதில் காணலாம். இன்றைய நோட்டின் மொழிக் கட்டமும் அந்நெறியைத் தழுவியதே.

ஆட்சி மீண்டும் முகலாயரிடம் சென்றபோதும் ரூபியா மறையவில்லை. அக்பர் தம் பகைவரின் நாணயத்தை ஏற்றுத் தொடர்ந்தார். பதினொன்றரை மாஷ எடையுள்ள அந்நாணயம் ஷெர்கான் காலத்தில் தோன்றியது என்று அபுல் பசல் தம் ‘ஆயினி அக்பரி’யில் மறைக்காமல் எழுதியுள்ளார். அரச மரபு மாறினாலும் நல்ல நாணயம் மாறத் தேவையில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

பல ரூபாய்களும் ஒரு ரூபாயும்

முகலாயப் பேரரசு தளர்ந்தபின் சிற்றரசுகளும் வணிகக் கம்பெனிகளும் தத்தம் சாலைகளில் ரூபாய் அடித்தன. சிக்கா ரூபாய், ஆற்காட்டு ரூபாய், சூரத் ரூபாய் எனப் பெயருக்கேற்ப எடையும் மாற்றும் வேறுபட்டன. வங்காளத்தில் புதிதாக அடித்த ரூபாய்க்கு முழு மதிப்பு. ஆண்டுகள் கடந்தால் அதே ரூபாய்க்கு மதிப்புக் குறைவு. ஓர் ஊர் ரூபாயை மற்றோர் ஊரில் மாற்றினால் சராப்புகள் வட்டம் பிடித்துக்கொண்டனர். வரி செலுத்தவேண்டிய உழவனுக்கு ‘இந்த ரூபாய் செல்லாது’ என்ற சொல் ஓர் இடியாகவே இருந்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறையும் இத்தொல்லையை நீக்கவே, கிழக்கிந்தியக் கம்பெனி ஷா ஆலத்தின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டை மாற்றாமல் ஒவ்வோர் ஆண்டும் பொறித்து வந்தது.

தென்னாட்டில் வராகனும் பணமும் காசுமே கணக்குக்குரியவையாக இருந்தன. சென்னை மாகாணத்தில் 1818இல் வெள்ளி ரூபாய் கணக்கின் அடிப்படையாக்கப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வீதம் வகுக்கப்பட்டது. பின்னர் 1835ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்தியது. அதன் எடை 180 கிரெயின். அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. அதற்கு ஈராண்டு முன்னரே 180 கிரெயின் ஒரு தோலா என்று வரையறுக்கப்பட்டிருந்ததால், ரூபாய் நாணயமே ஒரு படிக்கல்லாகவும் விளங்கிற்று. பண்டங்களை ‘இத்தனை ரூபாய் எடை’ என்று நிறுத்த வழக்கம் அக்காலத்தது.

வெள்ளி விலகிய விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகள் பொன் திட்டத்திற்கு மாறின. சுரங்கங்களிலிருந்து வெள்ளியும் மிகுதியாகக் கிடைத்தது. ஆகவே பொன்னுக்கு எதிராக வெள்ளியின் விலை சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், இருபது ஆண்டுகளில் ஒரு ஷில்லிங் மூன்று பென்சு அளவிற்கு இறங்கியது. இங்கிலாந்திற்குப் பொன்னில் அனுப்பவேண்டிய தொகைக்காக இந்திய வரிசெலுத்துவோர் முன்னிலும் மிகுதியான ரூபாய்களைத் தரவேண்டியிருந்தது.

ஹெர்ஷெல் பிரபுவின் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1893 ஜூன் 26ஆம் நாள், எவர் வெள்ளி கொண்டு வந்தாலும் ரூபாயாக அடித்துத் தரும் முறை நிறுத்தப்பட்டது. இந்நாளின் முக்கியத்துவம் பெரிது. அதுவரை ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் மதிப்போடு இணைந்து சென்றது. அதன்பின் ரூபாயின் மதிப்பு வெள்ளியின் மதிப்பைக் கடந்து நின்றது. முத்திரைக்கும் உலோகத்திற்கும் இடையே இருந்த கட்டு அன்று அவிழ்ந்தது. இந்திய ரூபாய் வெள்ளியில் அச்சிட்ட நோட்டுக்கு ஒப்பானது என்ற கருத்தைப் பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1913இல் வெளியிட்டார்.

எஞ்சிய வெள்ளியும் படிப்படியாக நீங்கிற்று. முதல் உலகப் போரின்போது வெள்ளித் தட்டுப்பாடு காரணமாக 1917இல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. 1940இல் ரூபாய் நாணயத்தின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு பொறித்த ரூபாய் நிக்கலால் ஆனது. 1992 முதல் துருப்பிடிக்கா எஃகு பயன்படுகிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் உலோகம் முற்றிலும் மாறியது, பெயர் மாறவில்லை. 1957 ஏப்ரல் முதல் நாள் அணா, பை ஆகியவை கணக்கிலிருந்து விடைபெற்று, ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. அப்போதும் ரூபாயின் பெயரோ மதிப்போ மாற்றப்படவில்லை. 1964இல் ‘நயா’ என்ற அடைமொழியும் நீங்கியது.

ஒரு ரூபாய்த் தாளில் உள்ள பாடம்

மாணவர்கள் பத்து ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்த் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. பத்து ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பமும், கொண்டுவருபவருக்குப் பத்து ரூபாய் அளிப்பதான உறுதிமொழியும் உண்டு. அதற்கு மைய அரசு பிணை நிற்கிறது. ஒரு ரூபாய்த் தாளில் அந்த உறுதிமொழி இல்லை. அதனை வெளியிடுவது இந்திய அரசு. கையொப்பமிடுபவர் நிதி அமைச்சகத்தின் செயலர். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இத்தாளை நாணயம் என்ற சொல்லின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. காகிதமாயினும் சட்டத்தின் கண்ணில் அது நாணயமே.

காரணம் எளிது. பத்து ரூபாய்த் தாள் ரூபாயைத் தருவதாக வாக்களிக்கிறது. ஒரு ரூபாய்த் தாளோ ரூபாயே ஆகிறது. எந்த உலோகமும் இன்றி, முத்திரை ஒன்றினாலேயே ஒரு தாள் ரூபாயாகிறது என்றால், பாணினி கூறிய பொருள் மீண்டும் உயிர் பெற்றுவிட்டது என்றே சொல்லவேண்டும்.

முத்திரை இடும் உரிமை உடையவர் அதனை விலக்கவும் உரிமை உடையவர். 1946இலும் 1978இலும் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. 2016 நவம்பர் 8ஆம் நாள் புழக்கத்திலிருந்த 500, 1000 ரூபாய் நோட்டுகளின் சட்டச் செலாவணித் தகுதி நீக்கப்பட்டது. அன்றிரவு அத்தாள்களின் காகிதம் மாறவில்லை; மையும் மாறவில்லை. அரசின் ஏற்பு மட்டும் நீங்கியது. வங்கி வாயில்களில் நின்ற நீண்ட வரிசைகள், பணம் என்பது எதனால் ஆனது என்பதை எந்தப் பாடநூலையும் விட அழுத்தமாக மக்களுக்கு உணர்த்தின.

கடல் கடந்த பெயர்

ரூபாய் என்னும் பெயர் இந்தியாவின் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. பாகிஸ்தான், நேபாளம், இலங்கை, மொரீஷியஸ், செஷல்ஸ் ஆகிய நாடுகளின் செலாவணிக்கும் இதுவே பெயர். மாலத்தீவின் ‘ருஃபியா’வும் இந்தோனேசியாவின் ‘ருப்பியா’வும் இச்சொல்லின் கிளைகளே. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்திய ரூபாய் புழங்கிய காலம் உண்டு. பர்மா 1952இல்தான் ரூபாயை விடுத்துக் ‘கியாட்’ என்ற செலாவணியை ஏற்றது. பாரசீக வளைகுடா நாடுகளில் புழங்குவதற்கென்றே ரிசர்வ் வங்கி 1959இல் தனி நோட்டுகளை வெளியிட்டது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தத்தம் தினாரை ஏற்படுத்திக்கொண்டன.

வணிகரும் தொழிலாளரும் சென்ற வழியே இப்பெயர் சென்றது. எந்தப் படையெடுப்பும் இன்றி ஒரு நாட்டின் பணம் மற்றொரு நாட்டின் கடைவீதியில் ஏற்கப்படுமாயின், அது அந்தப் பணத்திற்குக் கிடைத்த நற்சான்று ஆகும். ஒவ்வொரு நாடும் தன் சொந்த முத்திரையை நாடியது இயல்பே. ஆயினும் பல நாடுகள் முத்திரையை மாற்றியபின்னும் பெயரைக் காத்துக்கொண்டன.

எடைக்கு மாற்று எது?

ஷெர்ஷாவின் ரூபாயில் இரண்டு காப்புகள் இருந்தன. ஒன்று முத்திரை; மற்றொன்று எடை. முத்திரை இட்டவர் வாக்குத் தவறினாலும் பதினொன்றரை கிராம் வெள்ளி கையில் எஞ்சியிருக்கும். இன்றைய ரூபாயில் அந்த இரண்டாவது காப்பு இல்லை. அவ்விடத்தை எது நிரப்புகிறது?

இவ்வினாவை முன்கூட்டியே ஆராய்ந்தவர்களுள் டாக்டர் அம்பேத்கர் ஒருவர். ரூபாய்ச் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1923இல் வெளிவந்தது. ரூபாய்க்கும் ஸ்டெர்லிங்குக்கும் உள்ள மாற்று வீதத்தையே பலரும் விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. ரூபாய் உள்நாட்டில் எவ்வளவு பண்டம் வாங்கும் என்பதே முதன்மையான கேள்வி என்றும், வெளியிடும் அளவிற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் அவர் சான்றளித்தார். மைய வங்கி ஒன்று வேண்டும் என்பது அவ்வாணையத்தின் பரிந்துரை. 1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி செயற்படத் தொடங்கியது.

அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியை 2016இல் காணலாம். ரிசர்வ் வங்கிச் சட்டம் அவ்வாண்டு திருத்தப்பட்டு, விலைவாசி உயர்வுக்கு ஓர் இலக்கை அரசு நிர்ணயிக்கும் முறை ஏற்பட்டது. முதல் ஐந்தாண்டு இலக்கு 4 விழுக்காடு. மேல் எல்லை 6, கீழ் எல்லை 2. வெள்ளி ரூபாயின் காலத்தில் தராசு எதைச் சோதித்ததோ, அதனை இன்று விலைக் குறியீட்டெண் சோதிக்கிறது. விலைவாசி அளவுகடந்து ஏறும் ஒவ்வொரு முறையும், ஒரு ரூபாயிலிருந்து சிறிது வெள்ளியைச் சுரண்டி எடுத்ததற்கு ஒப்பான இழப்பு நேர்கிறது. அவ்விழப்பு நிலமும் பொன்னும் வைத்திருப்பவரை அதிகம் வருத்துவதில்லை. நாட்கூலி பெறுபவரையும், சேமிப்பின் வட்டியில் வாழும் முதியவரையுமே முதலில் தாக்குகிறது. நாணயத்தின் எடையைக் காப்பது சமூக நீதியின் பாற்பட்ட கடமை என்பதற்கு இதுவே காரணம்.

உருவம் அற்ற ரூபம்

2010 ஜூலை 15ஆம் நாள் ரூபாய்க்கெனத் தனிக் குறியீடு ஒன்றை மைய அமைச்சரவை ஏற்றது. நாகரி எழுத்தின் ‘ர’கரத்தையும் ரோமன் எழுத்தின் ‘ஆர்’ வடிவையும் இணைத்து அதனை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வடிவமைப்பாளர் உதயகுமார். குறிகளை அடித்துத் தொடங்கிய ரூபாய்க்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு குறி வாய்த்தது.

2022இல் இன்னொரு படி எடுத்து வைக்கப்பட்டது. வங்கி நோட்டு என்பது எண்ணியல் வடிவிலும் இருக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மொத்தப் பரிமாற்றங்களுக்கும், டிசம்பர் முதல் நாள் பொதுமக்கள் பயன்பாட்டிற்கும் எண்ணியல் ரூபாயை ரிசர்வ் வங்கி சோதனை முறையில் வெளியிட்டது. ‘உருவம் பொறிக்கப்பெற்றது’ என்று பெயர் கொண்ட ஒன்று, கையால் தொடத்தக்க உருவமே இல்லாத நிலையை எய்தியிருக்கிறது. வெள்ளி போயிற்று, நிக்கல் போயிற்று, அதில் காகிதமும் இல்லை. எஞ்சியிருப்பது முத்திரை இடுபவரின் வாக்கு ஒன்றே.

இக்கூட்டத்திற்கு வந்திருக்கும் மாணவர்களுள் சிலர் நாளை அரசுப் பணிக்கு வருவர். அலுவலர்கள் ஏற்கனவே அப்பணியில் இருப்பவர்கள். வரவு செலவுத் திட்டம் வகுப்பவர், கடன் அளவை நிர்ணயிப்பவர், கள்ளநோட்டைத் தடுப்பவர், கருவூலத்தில் கணக்கு எழுதுபவர் என எவராயினும், ரூபாயின் மீதுள்ள முத்திரையில் அவருடைய கைத்தடமும் சிறிது பதிந்திருக்கிறது. முற்காலத்தில் ரூபதர்சகன் ஒருவன் செய்த பணி இன்று பல ஆயிரம் பேரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. பகிரப்பட்டதால் பொறுப்புக் குறைந்துவிடவில்லை.

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. அடித்த காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். நாணயமான மனிதர் என்று ஊரார் ஒருவரைப் புகழும்போது, அவருடைய சொல் கையில் வாங்கிய காசு போல் நம்பத்தக்கது என்பதே கருத்து. ரூபாய் என்ற சொல்லின் நெடுங்கால வரலாறு கூறுவதும் இவ்விரு பொருளும் பிரிக்கத்தக்கவை அல்ல என்பதையே. முன்னைய நாணயம் எந்தப் பொருளால் ஆனதாயினும், அதனைத் தாங்கி நிற்பது பின்னைய நாணயமே.